ராஸ்பெரி பை 4 மீடியா பெட்டி: உள்ளே இருக்கும் வை-ஃபை எதுவரை தாங்கும், எங்கே மக்கர் செய்யும்

டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய ஒரு மீடியா கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், ராஸ்பெரி பை 4 இன்றைக்கும் நல்ல தேர்வுதான். 2019 ஜூனில் வெளியான, உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டு இது. லிப்ரெலெக் இயங்குதளத்தை ஏற்றி, அதில் கோடி பிளேயரை ஓட்டினால், ஹெச்இவிசி முறையில் சுருக்கப்பட்ட 4கே படத்தை நொடிக்கு 60 ஃபிரேம் வரை ஹார்டுவேரிலேயே விரித்துக் காட்டிவிடும். ஹெச்.264 என்ற பழைய முறையில் சுருக்கிய படங்கள் 1080பி வரை அதேபோல ஹார்டுவேரில் ஓடும். நல்ல கேஸ் போட்டால் விசிறி வேண்டாம், சத்தம் இல்லை, மின்சாரமும் சொற்பம். படத்தைக் காட்டுவதில் பெரிய குறை சொல்ல முடியாத பெட்டி.

குறை எல்லாம் படம் பெட்டிக்கு வந்து சேரும் வழியில்தான். உள்ளே இருக்கும் வை-ஃபை ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் அது சில நிபந்தனைகளோடு வருகிறது. அவை பெட்டியின் அட்டையில் அச்சிடப்படுவதில்லை. அவை தெரியாமல் வைத்தால், படத்தின் முக்கியமான கட்டத்தில் திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

வை-ஃபை படுத்துகிறது என்றதும் எஸ்டி கார்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவதுதான் பலரும் முதலில் செய்வது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இந்தப் போர்டில் வை-ஃபை கோளாறின் காரணம் பெரும்பாலும் போர்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே இருக்கும்: சார்ஜர், கேஸ், பக்கத்தில் செருகிய ஹார்ட் டிஸ்க், ஹெச்டிஎம்ஐ கேபிள். அதைத் தாண்டினால் ரவுட்டர் செட்டிங்ஸ். மென்பொருள் அதற்கும் பிறகுதான்.

முதலில் இந்த ரேடியோவிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று பார்த்துவிடுவோம். உள்ளே இருப்பது சைப்ரஸ் 43455 சிப். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும்; ஆனால் ஆன்டெனா ஒன்றே ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் காகிதத்தில் கிடைக்கும் உச்ச வேகம் 433 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). அது காற்றில் பேசிக்கொள்ளும் வேகம் மட்டுமே. கோப்பாகக் கைக்கு வந்து சேருவது, ரவுட்டர் அதே அறையில் இருந்தால், சுமார் 100 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 2.4-இல் அதில் பாதி கிடைத்தாலே நல்ல நாள்.

இந்த எண்ணைப் படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இணையத்தில் ஓடும் 1080பி படம் பொதுவாக 5 முதல் 8 எம்பிபிஎஸ் கேட்கும். அதற்கு இந்த வை-ஃபை தாராளம். ப்ளூ-ரே தட்டில் படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரை போகலாம். 5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் நன்றாக இருந்தால் அதுவும் ஓடும். 4கே ப்ளூ-ரே தட்டை அப்படியே கோப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தட்டுகளில் உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ் வரை போகும். சராசரி 60 என்று காட்டினாலும் வெடி, மழை, கூட்டம் என்று வரும் காட்சிகளில் திடீரென்று எகிறும். அங்கே உள் வை-ஃபை தடுமாறினால் அது கோளாறே இல்லை, அதன் எல்லை. அந்த வகைக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

மற்றவர்கள் சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். அதன் அதிகாரப்பூர்வ அடாப்டர் 5.1 வோல்ட் தருகிறது. அந்தக் கூடுதல் 0.1 வோல்ட் கேபிளில் விழும் இழப்பை ஈடுகட்டத்தான். போன் சார்ஜரில் 18 வாட், 25 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வேக சார்ஜர்கள் அந்த வாட்டை 9 வோல்ட்டில்தான் தருகின்றன. பை 4 அந்த வோல்ட்டைக் கேட்டு வாங்காது. 5 வோல்ட்டில் அந்தச் சார்ஜர் எத்தனை ஆம்பியர் தரும் என்பதைப் பின்பக்கச் சிறு எழுத்தில் தேடுங்கள். பல போன் சார்ஜர்களில் அது 2 ஆம்பியர்தான்.

போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். படம் பார்க்கும்போது நொடிப்பொழுது வந்து மறைவதால் பலர் கவனிப்பதில்லை. அதனால் கண்ணை நம்பாமல் போர்டையே கேளுங்கள். லிப்ரெலெக் செட்டிங்ஸில் சர்வீசஸ் பகுதிக்குப் போய் எஸ்எஸ்ஹெச்சை (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வசதி) இயக்கி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைந்து, விசிஜென்சிஎம்டி கட்டளையால் (vcgencmd get_throttled) த்ராட்டில் நிலையைக் கேட்டால் ஓர் எண் வரும். வெறும் 0 என்றால் மின்சாரம் சுத்தம். 50000 என்றால் இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் பெட்டியை ஆன் செய்த பிறகு எப்போதோ மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே விழுந்து கிடக்கிறது. ஒரு படம் முழுவதும் ஓட்டிவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். ஆன் செய்த உடனே பார்ப்பதில் பயனில்லை.

வை-ஃபைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பெட்டி சும்மா இருக்கும்போது சொற்ப மின்சாரம் போதும். படம் ஓடத் தொடங்கினால் பிராசசர், ரேடியோ, யூஎஸ்பி டிஸ்க் மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கும். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 1.2 ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஒரு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்தால் முதலில் தள்ளாடுவது யூஎஸ்பியும் ரேடியோவும்தான். "பிளே அழுத்தினால் வை-ஃபை கட்டாகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது" என்ற புகாரைக் கேட்டால் முதல் சந்தேகம் சார்ஜர்மீது விழ வேண்டும்.

பழைய போர்டு வாங்குபவர்களுக்கு ஒரு சொல். 2019-இல் வந்த முதல் தொகுதிப் போர்டுகளில் யூஎஸ்பி-சி துளையின் வடிவமைப்பில் ஒரு பிழை இருந்தது. லேப்டாப்புக்கு வரும், உள்ளே சிப் வைத்த கேபிள்களைச் செருகினால் சார்ஜர் மின்சாரமே தராது. பின்னால் வந்த போர்டுகளில் சரிசெய்துவிட்டார்கள். கேபிளும் அடாப்டரும் ஒட்டியே வரும் வகையை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது. எஸ்டி கார்டு செருகும் விளிம்பில், உலோக மூடி போட்ட ரேடியோ சிப்பை ஒட்டி, போர்டின் செம்பு அடுக்கில் முக்கோணமாக வெட்டிவிட்ட ஒரு சின்ன இடம் தெரியும். அதுதான் ஆன்டெனா. கட்டை விரல் நகத்தைவிடச் சிறியது. அந்த மூலையை எது மறைத்தாலும் சிக்னல் குறையும்.

சூடு தணிக்க அலுமினிய கேஸ் போடுவது இந்தப் போர்டுக்கு நல்லதுதான். பிராசசர் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் போர்டை நாலா பக்கமும் உலோகத்தால் மூடும் கேஸ், ரேடியோவுக்குக் கதவைச் சாத்துவது போல. அலுமினியம்தான் வேண்டும் என்றால் எஸ்டி கார்டுப் பக்கம் பிளாஸ்டிக் விட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு டிவியின் முதுகில் பெட்டியை ஒட்டும்போது அந்த மூலை டிவியின் உலோகத் தகட்டைப் பார்க்காமல், விளிம்புக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி ஒட்டுங்கள். செலவில்லாத வேலை. பெட்டியை இருபது சென்டிமீட்டர் நகர்த்தி விளிம்புக்குக் கொண்டுவந்தாலே பல இடங்களில் 10 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) வரை வித்தியாசம் தெரியும்.

அந்த டிபிஎம் கணக்கையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் திரையில் காட்டும் கோடுகளை நம்ப முடியாது. எஸ்எஸ்ஹெச்சில் ஐடபிள்யூ கட்டளையால் (iw dev wlan0 link) லிங்க் நிலையைக் கேட்டால் சிக்னல் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 60 நன்று. மைனஸ் 67 வரை படம் பார்க்கலாம். மைனஸ் 70-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும், 80-இல் பெயருக்குத்தான் இணைப்பு. பத்து எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் 60-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

இப்போது இந்தப் போர்டின் மிக முக்கியமான பலவீனத்துக்கு வருகிறோம். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை சாகலாம். இது பை 4-க்கு மட்டும் உரிய குற்றமும் அல்ல. யூஎஸ்பி 3 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பேசுகிறது. அந்த வேகத்தில் சிக்னல் மாறும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் சேர்த்து மூடிவிடுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இணைப்பான், கேபிள், டிஸ்க்கின் உறை மூன்றிலிருந்தும் இரைச்சல் கசிகிறது, சரியாக மூடினால் குறைகிறது என்று அளந்து காட்டியது. பெரிய லேப்டாப்பில் ஆன்டெனா திரைக்கு மேலே தூரத்தில் இருக்கும். பை 4-இல் யூஎஸ்பி துளைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மீடியா பெட்டியின் ஐபி முகவரிக்கு நூறு முறை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். டிஸ்க் இல்லாமல் ஒரு தடவை. டிஸ்க்கைச் செருகி, அதில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டு இன்னொரு தடவை. நல்ல இணைப்பில் நூறுக்கு நூறும் திரும்பி வரும். நேரம் 2 முதல் 5 மில்லிசெகண்ட், எப்போதாவது ஒரு 20. யூஎஸ்பி இரைச்சல் இருந்தால் வரிகள் இப்படி நகரும்: 4, 3, 210, பதில் இல்லை, பதில் இல்லை, 480, 6. நகலெடுப்பதை நிறுத்தியதும் மறுபடி 3, 4, 3. இப்படி வந்தால் வேறு சாட்சியம் தேவையில்லை.

தீர்வு மூன்று. முதலாவது, வை-ஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். இந்த இரைச்சலின் தொல்லை 2.4-இல்தான். 5 எட்டாத அறை என்றால், டிஸ்க்கைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். வேகம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். யூஎஸ்பி 2 நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட்டுக்கு மேல் தரும், அதாவது 240 எம்பிபிஎஸ். மேலே சொன்ன 128 எம்பிபிஎஸ் 4கே படத்துக்குக்கூட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் காத்திருக்க நேரும். படம் பார்ப்பதில் ஒரு துளி வித்தியாசமும் தெரியாது. யூஎஸ்பி 3-ஐ விட மனமில்லை என்றால் மூன்றாவது வழி: உள்ளே கவசம் போட்ட நல்ல கேபிளை வாங்கி, டிஸ்க்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மெல்லிய, வளைந்து கொடுக்கும் மலிவுக் கேபிள்கள்தான் அதிகம் கசிகின்றன.

ஹெச்டிஎம்ஐயும் இதே வகை. 2019-இன் இறுதியில், பை 4-ஐ 2560 பெருக்கல் 1440 ரெசல்யூஷனில் மானிட்டரோடு இணைத்தால் வை-ஃபை விழுகிறது என்ற புகார் பல பக்கங்களிலிருந்தும் வந்தது. ரெசல்யூஷனை 1080பிக்குக் குறைத்தால் வை-ஃபை உயிர்பெற்றது. குறிப்பிட்ட ரெசல்யூஷனில் ஹெச்டிஎம்ஐ கடிகாரத்தின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்களின் அருகில் போய் விழுவதுதான் சிக்கல். சோதிக்கும் வழி எளிது: வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பெட்டியிலிருந்து உருவுங்கள். பிங் உடனே சீரானால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது. கேபிளை மாற்றுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளையில் சின்ன மாற்றியைச் செருகி அதில் பழைய கேபிளை மாட்டுவதைவிட, ஒரு முனை மைக்ரோவாகவே வரும் ஒரே கேபிள் நல்லது. இணைப்புகள் கூடக் கூடக் கசிவும் கூடும்.

ரவுட்டர் பக்கம் வந்தால் முதல் இடம் நாட்டுக் குறியீடு. எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பெட்டியில் நாட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது எல்லா நாட்டுக்கும் பொதுவான, மிகவும் ஒடுங்கிய விதிக்குள் சுருங்கிக்கொள்ளும். விளைவு விசித்திரமாக இருக்கும்: போனில் தெரியும் வை-ஃபை பெயர் பெட்டியில் தெரியாது. ரவுட்டர் 12, 13 சேனல்களிலோ 5 கிகாஹெர்ட்ஸின் மேல் சேனல்களிலோ இருக்கும்போது இப்படி ஆகும். லிப்ரெலெக் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் வயர்லெஸ் ஒழுங்குமுறைப் பகுதியைத் தேடி, இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்து, பெட்டியை ஒரு முறை முழுதாக அணைத்து ஏற்றுங்கள். ராஸ்பெரி பை இயங்குதளத்தில் இன்னும் கடுமை: நாட்டைச் சொல்லாதவரை வை-ஃபையே பூட்டிக் கிடக்கும்.

2.4-இல் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாகவும் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவும் வையுங்கள். நெருக்கமான குடியிருப்பில் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் பக்கத்து வீடுகளின் வை-ஃபையோடு மோதுவது மட்டும்தான் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ள சேனல்கள் பாதுகாப்பானவை. 52 முதல் 144 வரை உள்ளவை வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் சிக்னல் கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. புதுச் சேனலுக்குப் போனால் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். தினமும் எப்போதோ ஒரு தடவை காரணமில்லாமல் ஒரு நிமிடம் அறுந்து திரும்பும் இணைப்புக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். சேனல் தேர்வை ஆட்டோவில் விடாமல் 36-இல் நிறுத்துங்கள்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைப்பது இப்போதைய ரவுட்டர்களின் வழக்கம். போன்களுக்கு அது சரி. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் மீடியா பெட்டிக்குச் சரிவராது. அது ஆன் ஆகும்போது எது பலமாகத் தெரிகிறதோ அதில் ஒட்டிக்கொண்டு, பிறகு நகர மறுக்கும். பலமாகத் தெரிவது பெரும்பாலும் 2.4. ரவுட்டரில் 5-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பெட்டியில் அதை மட்டும் இணைத்து, பழைய பெயரை நீக்கிவிடுங்கள். புளூடூத் ரிமோட்டோ ஹெட்போனோ பயன்படுத்துபவர்களுக்கு இது கட்டாயம். பை 4-இல் புளூடூத்தும் வை-ஃபையும் ஒரே சிப்பில் இருக்கின்றன, 2.4-இல் இரண்டும் முறைவைத்துத்தான் பேச முடியும். ஹெட்போனில் பாட்டு விட்டு விட்டுக் கேட்பதும் படம் திணறுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் காரணம் இந்த முறைவைப்பு.

கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் இந்தச் சிப் பல மென்பொருள் பதிப்புகளில் தகராறு செய்கிறது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போதும், பாதுகாப்பில் சமரசமும் பெரிதாக இல்லை. மறைத்து வைத்த நெட்வொர்க் பெயரால் பாதுகாப்பு கூடுவதில்லை, இணைப்பில் சிக்கல் மட்டும் கூடும், அதைக் காட்டவிடுங்கள்.

ரேடியோவின் பவர் சேவ் (மின் சேமிப்பு) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படம் நன்றாக ஓடும். ஆனால் அரை மணி நேரம் சும்மா விட்டால் போனில் உள்ள ரிமோட் ஆப் பெட்டியைக் காணவில்லை என்று சொல்லும். பிங் அனுப்பினால் 3, 4 வர வேண்டிய இடத்தில் 80, 100 என்று வரும். ரவுட்டர் ஏறக்குறைய 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கிறது. தூங்கும் ரேடியோ அந்த அறிவிப்புக்கு மட்டும் விழித்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறது. அதனால்தான் அந்த 100. பேட்டரியில் ஓடும் கருவிக்கு இது வேண்டும். சுவரில் செருகிய பெட்டிக்கு வேண்டவே வேண்டாம். ஐடபிள்யூ கட்டளையால் வ்லான்0-இன் (உள் வை-ஃபைக்கு இயங்குதளம் வைத்த பெயர்) பவர் சேவை ஆஃப் செய்யலாம் (iw dev wlan0 set power_save off). பெட்டியை அணைத்து ஏற்றினால் அது பழையபடி ஆகிவிடும் என்பதால், லிப்ரெலெக்கின் கான்ஃபிக் அடைவில் ஆட்டோஸ்டார்ட் (autostart.sh) என்ற ஸ்கிரிப்ட் கோப்பை உருவாக்கி அதே வரியை அங்கே எழுதிவிடுங்கள். வை-ஃபை எழுவதற்கு முன்பே அந்த வரி ஓடிவிட்டால் பலன் இருக்காது. அதற்கு முன்னால் 10 நொடி காத்திருக்கும் வரி ஒன்றையும் சேர்த்து, மொத்தத்தையும் பின்னணியில் ஓடவிடுங்கள்.

"இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை" என்ற புகார் வேறு ரகம். ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, பெட்டி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரில் முகவரிப் பட்டியல் நிரம்பியிருக்கிறதா, மேக் முகவரி வடிகட்டி (குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். முகவரி சரியாக இருந்தால் ரவுட்டரைப் பிங் செய்யுங்கள், பிறகு 8.8.8.8-ஐ, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை. கடைசி மட்டும் தோற்றால் காரணம் டிஎன்எஸ்தான், அதாவது தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை.

மூன்றும் வென்றும் கோடியின் ஆட்-ஆன்கள் (கூடுதல் செயலிகள்) திறக்காவிட்டால், திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். பை 4-இல் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஆன் ஆனதும் நேரத்தை இணையத்திலிருந்துதான் கேட்டு வாங்கும். வை-ஃபை தாமதமாக எழுந்தால் பெட்டி பழைய தேதியிலேயே நிற்கும். அந்தத் தேதியில் எந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது, எனவே பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது. லிப்ரெலெக்கின் நெட்வொர்க் பகுதியில், கோடி தொடங்கும் முன் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி 20 நொடி கொடுங்கள். கோப்புச் சர்வரில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் வேறு கம்ப்யூட்டரில்) படங்களை வைத்திருப்பவர்களுக்கு, ஆன் செய்த உடனே நூலகம் காலியாகத் தெரிவதும் இதனால் நின்றுவிடும்.

கோப்புச் சர்வர் என்றதும் ஒரு கணக்கு. சர்வரும் வை-ஃபையில், பெட்டியும் வை-ஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: சர்வரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். 100 இருந்த இடத்தில் 50. நடுவில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வைத்தாலும் இதே கதை. சர்வரை மட்டும் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிட்டால், பெட்டியைத் தொடாமலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

மிச்சத்துக்கு கோடியின் கேஷ் (படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் நினைவகம்) உதவும். இயல்பாக அது 20 மெகாபைட், அதாவது 160 மெகாபிட். 8 எம்பிபிஎஸ் படத்துக்கு அது 20 நொடிக் கையிருப்பு. 80 எம்பிபிஎஸ் படத்துக்கு வெறும் 2 நொடி. 2024-இல் வந்த கோடி 21-இலிருந்து இதைச் செட்டிங்ஸ், சர்வீசஸ், கேஷிங் என்று போய்த் திரையிலேயே மாற்றலாம். முன்பு எக்ஸ்எம்எல் கோப்பு எழுத வேண்டியிருந்தது. 2 ஜிபி போர்டில் 128 மெகாபைட், 4 ஜிபி போர்டில் 256 மெகாபைட் வையுங்கள். ஓடும்போது பாஸ் அழுத்திப் பாருங்கள்: கீழே உள்ள கோட்டில் மங்கலான பட்டை முன்னே நகர்ந்து போகும். அது நகர்ந்துகொண்டே போனால் வை-ஃபை படத்தைவிட வேகமாக இருக்கிறது. பாஸில்கூட அது நத்தை வேகத்தில் ஊர்ந்தால் கேஷை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. சராசரி வேகமே போதவில்லை.

அப்படிப் போதாதவர்களுக்கு, பை 5-க்கு மாறுவது விடை இல்லை. 2023-இல் வந்த அந்தப் போர்டிலும் இருப்பது இதே 43455 சிப், இதே ஒற்றை ஆன்டெனா. வை-ஃபைக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

யூஎஸ்பி வை-ஃபை டாங்கிள் வாங்குவதென்றால் அதன் அட்டைப்பெட்டியின் மேல் எழுதிய வேகத்தைப் பார்க்காமல் உள்ளே எந்தச் சிப் என்று பாருங்கள். மீடியாடெக் 7612யூ, 7921ஏயூ சிப்களுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. செருகினால் வேலை செய்யும். தனியாக டிரைவரைத் தொகுத்து ஏற்ற வேண்டிய சிப்கள் லிப்ரெலெக்குக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் அதில் அப்படித் தொகுக்க வழியே இல்லை. டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து வையுங்கள். உள் வை-ஃபையைத் துவக்கக் கோப்பில் (config.txt) ஓவர்லே வரி (dtoverlay=disable-wifi) சேர்த்து அணைத்துவிடுங்கள். இரண்டு ரேடியோவும் ஒரே நெட்வொர்க்கில் தொங்கினால் எது எப்போது பேசுகிறது என்றே தெரியாது.

டாங்கிளைவிட எங்கள் தேர்வு வேறு. பை 4-இல் உள்ள ஈதர்நெட் முழு கிகாபிட். கோப்பு நகலெடுத்தால் 900 எம்பிபிஎஸுக்கு மேல் காட்டும். அலமாரியில் சும்மா கிடக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு பழைய ரவுட்டரைப் பிரிட்ஜ் அல்லது கிளையண்ட் முறையில் (வை-ஃபையை வாங்கி லான் துளைக்குக் கடத்தும் முறை) போட்டு, டிவி மேசையின் மேல் வெளிப்படையாக வைத்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு மீட்டர் லான் கேபிள் இழுங்கள். கிகாபிட் லான் துளை உள்ள ரவுட்டராக இருக்கட்டும். 100 எம்பிபிஎஸ் துளை இருந்தால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்புவோம். ரவுட்டருக்கு ஆன்டெனா இரண்டு மூன்று இருக்கும், யூஎஸ்பி இரைச்சலும் டிவித் தகடும் அதைத் தொடாது. பெட்டியைப் பொறுத்தவரை அது கேபிளில் இணைந்திருக்கிறது, அவ்வளவுதான். இணைத்த பிறகு லிப்ரெலெக் ஆட்-ஆன் தொகுப்பிலிருந்து நெட்வொர்க் டூல்ஸை நிறுவி, அதில் உள்ள ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியைக் கொண்டு சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். படத்தின் உச்ச வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு தொடர்ந்து வந்தால் போதும். பிறகு பெட்டியின் செட்டிங்ஸில் வயர்லெஸை அணைத்துவிடுங்கள். ஆன்டெனா முழுவதும் புளூடூத்துக்குக் கிடைக்கும், ரிமோட்டும் சொன்ன நொடியில் கேட்கும்.